காகித இதயக் கூடை: குழந்தைகளோடு பின்னும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி வந்தால் நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்குக் காகித வேலை சொல்லித்தருவேன். காதலர் தினம் என்று பெயர் இருந்தாலும், இங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வகுப்புத் தோழர்களுக்கு வாழ்த்து அட்டையும் மிட்டாயும் கொடுக்கும் நாள். அதற்காக நான் எடுத்துக்கொண்டது டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பின்னல் இதயம். இரண்டு நிறக் காகிதங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் இதய வடிவில் ஒரு குட்டிக் கூடை கிடைக்கும். டென்மார்க்கின் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் தன் கையால் செய்த ஒன்றை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் உதவிக்கு வந்த இரண்டு அம்மாக்கள், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்தார்கள். கத்தரிக்கோல் பத்திரம், மேஜையில் பழைய பேப்பர் விரிப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

வெட்டை அகலத்தோடு நிறுத்துவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 6 செ.மீ. அகலம், 19 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதத் துண்டு. அதை நீளம் பாதியாகும்படி மடித்து, திறந்த முனையை அரைவட்டமாக வெட்ட வேண்டும். பிறகு மடிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கி 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டு. மூன்று பட்டைகள் வந்துவிடும். இன்னொரு நிறத்திலும் இதே மாதிரி ஒன்று.

இந்த வெட்டு எவ்வளவு நீளம்? அகலம் 6 என்றால் வெட்டும் 6 என்றுதான் கை போகும். சதுரமாகப் பொருந்த வேண்டுமே என்று மனசு கணக்குப் போடும். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. காகிதத்துக்குத் தடிமன் உண்டு. ஒவ்வொரு பட்டையும் இரண்டு அடுக்கு. முதல் இரண்டு பட்டைகள் நன்றாக நுழையும். மூன்றாவது பட்டைக்கு இடமே இருக்காது. பிள்ளை இழுக்கும், வெட்டின் அடியில் கிழியும்.

என் முதல் வருடம், பன்னிரண்டு பிள்ளைகளுக்காக இருபத்துநான்கு துண்டுகளை முந்தின இரவே உட்கார்ந்து வெட்டிவைத்தேன். எல்லாமே 6 செ.மீ. வெட்டு. மறுநாள் அரை மணி நேரம் பொறுமையாகப் பின்னிய பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கடைசிப் பட்டையில் கிழிந்தது. ஒரு சின்னப் பெண் கிழிந்ததை என்னிடம் நீட்டி, "என் கை சரியில்லை ஆன்ட்டி" என்றாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை, நான் வெட்டிய வெட்டில்தான் குறை. காகிதம் போனால் போகட்டும். அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வருடமும் உதவிக்கு வந்தவர்கள் ஸ்கேல் வைத்துச் சரியாக 6 என்று கோடு போட்டிருந்ததைப் பார்த்ததும் கோபமே வந்தது.

அரை செ.மீ. கூட்டுங்கள். 6 அகலத்துக்கு 6.5 வெட்டு. பெரிய இதயம் செய்தாலும் அகலத்தைவிட வெட்டு கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும். கூட்டத்துக்கு வெட்டும் முன் ஒன்றை நீங்களே கடைசிப் பட்டை வரை பின்னிப் பாருங்கள்.

பாய் பின்னுவது போல் பின்னுவது

ஓலைப்பாய் பார்த்து வளர்ந்த கை, பட்டையை மேலே ஒன்று கீழே ஒன்று என்று விடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கூடை திறக்காது. இங்கே பட்டை ஒவ்வொன்றும் இரட்டை. ஒரு தாள் சிவப்பு, மற்றது வெள்ளை என்றால், முதல் சிவப்புப் பட்டை முதலாவது வெள்ளைப் பட்டையின் வயிற்றுக்குள், அதாவது இரண்டு அடுக்குக்கும் நடுவில், புக வேண்டும். அடுத்த வெள்ளைப் பட்டை சிவப்பின் வயிற்றுக்குள் புக வேண்டும். மறுபடி சிவப்பு உள்ளே. இரண்டாவது சிவப்புப் பட்டைக்கு இது அப்படியே தலைகீழ். "நீ உள்ளே, நான் உள்ளே" என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.

சொரசொரப்பான காகிதம்

பள்ளிக் கைவேலைக்கு விற்கும் தடித்த வண்ணத்தாள் வேண்டாம். ஒன்றோடு ஒன்று உரசி நிற்கும், மடிப்பில் நார் பிரியும். 80 முதல் 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையிலான வழுவழுப்பான வண்ணத்தாள் வழுக்கிக்கொண்டு போகும். அட்டை அறவே கூடாது.

சிவப்போடு ரோஸ்

பட்டை எது யாருடையது என்று பிள்ளைக்குத் தெரியாது. சிவப்பும் வெள்ளையும் எடுங்கள்.

நான்கு பட்டை ஆசை

ஐந்து வயதுக்கு இரண்டு பட்டை. அப்புறம் பார்க்கலாம்.

வாங்கி முடித்துக் கொடுப்பது

கடைசிப் பட்டையில் பிள்ளை திணறும்போது பக்கத்தில் இருக்கும் பெரியவர் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். இதயத்தை அடியில் லேசாகப் பிடித்துக்கொண்டால் போதும். வளைந்து போனாலும், நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தாலும் அது அந்தப் பிள்ளை பின்னியது.

கைப்பிடியை முதலில் ஒட்டுவது

விரலை விட்டுக் கூடை திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மட்டும் கைப்பிடியைக் குச்சிப் பசையால் உள்பக்கம் ஒட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மிட்டாயைப் போடுங்கள்.