ரெக்கார்டிங்ல கரண்ட் இரைச்சல், ஒடாசிட்டில சரிபண்ணேன்

இலங்கைல ஹட்டன் பக்கம் ஒரு லயத்து காம்பராவுல (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு அறை), சமூக வானொலி நிகழ்ச்சிக்காக ஒரு பாட்டி பாடுன தாலாட்டு ரெக்கார்ட் பண்ணேன், வீட்ல வந்து கேட்டா பாட்டு பூரா "ம்ம்ம்"னு கரண்ட் இரைச்சல், மனசே ஒடஞ்சு போச்சு. காசில்லாம கிடைக்கிற ஒடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்தான் கைகொடுத்துச்சு. மொதல்ல நாட்ச் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ண மட்டும் வெட்டி எடுக்கறது), அதுல 60 ஹெர்ட்ஸ்னு இருக்கும், நம்ம நாட்டு கரண்ட் 50, அத மாத்தணும், இது தெரியாமதான் நான் ரெண்டு நாள் அலஞ்சேன். இரைச்சல் அதோட ரெட்டிப்புலயும் வரும்ங்கறதால 100லயும் ஒருதடவ போட்டேன். அப்பறம் பாட்டி பாடாம இருந்த ரெண்டு செகண்ட செலக்ட் பண்ணி நாய்ஸ் ப்ரொஃபைல் (இரைச்சலோட மாதிரி) எடுத்துட்டு, முழுசையும் செலக்ட் பண்ணி நாய்ஸ் ரிடக்‌ஷன 12லேருந்து 6 டெசிபலுக்கு கொறச்சு போட்டேன், கூட்டுனா குரல் தண்ணிக்குள்ளருந்து வர்ற மாதிரி ஆயிருது. ஒரிஜினல் ஃபைல மட்டும் தனியா எடுத்து வச்சுக்கங்க.