ஜே.ஆர்.பி.ஜி.க்கு ரிவ்யூ எழுதப் போறீங்களா? சாதா சண்டையில் ஆரம்பியுங்கள்

ஜப்பானிய ஆர்பிஜி (கதாபாத்திரங்களை வளர்த்துக்கொண்டே நீண்ட கதையைக் கடக்கும் வீடியோ கேம்) ஒன்றுக்கு ரிவ்யூ எழுத உட்காரும் பலரும் கதையில் ஆரம்பிப்பார்கள், அப்புறம் இசை, கிராபிக்ஸ், கடைசியில் ஒரு மார்க், முடிந்தது. நான் சாதா சண்டையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். பெரிய வில்லனோடு மோதும் பாஸ் சண்டையைப் பிரமாதமாக எடுக்க எல்லோருக்கும் தெரியும். ஆனால் வழியில் குறுக்கே வரும் சில்லறை எதிரிகளோடுதான் நூற்றுக்கணக்கான தடவை மோதப் போகிறோம், அது அலுத்துப் போனால் எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் நாற்பதாவது மணி நேரத்தில் கண்ட்ரோலரைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம்.

இதைச் சோதிக்க போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். இரண்டாவது மணி நேரத்தில் ஒரு சாதா சண்டை, முப்பதாவது மணி நேரத்தில் இன்னொன்று. எத்தனை விநாடி ஆனது, யோசித்து அடித்தோமா, ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே மோட்டுவளையைப் பார்த்தோமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெர்சோனா 5-ஐ எடுத்துக்கொள்வோம். எதிரியின் பலவீனம் தீயா மின்சாரமா என்று கண்டுபிடித்து அடித்தால் அவன் விழுவான், நமக்கு இன்னொரு டர்ன், அதாவது அடிக்க இன்னொரு வாய்ப்பு, கிடைக்கும். எல்லோரும் விழுந்தால் துப்பாக்கியை நீட்டி மிரட்டலாம், காசு கேட்கலாம், நம் பக்கம் சேரச் சொல்லிப் பேரம் பேசலாம், இல்லையென்றால் நம் மொத்தக் கும்பலும் பாய்ந்து துவைக்கலாம். ஒரு சில்லறைச் சண்டைக்குள் இத்தனை முடிவுகள். ரிவ்யூவில் இதை எழுதுங்கள், ‘போர்முறை சுவாரஸ்யம்’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள், அதைப் படித்து யாருக்கும் ஒன்றும் புரியப்போவதில்லை.

சரி, எவ்வளவு தூரம் விளையாடிவிட்டு எழுதுவது? இதில் நானே நன்றாக மாட்டியிருக்கிறேன். நியர் ஆட்டோமேட்டாவில் (2017) முதல் தடவை கிரெடிட்ஸ் ஓடியதும் ‘கதை பாதியில் நிற்கிறது’ என்று ஒரு பக்கம் எழுதி நண்பனுக்கு அனுப்பினேன். ‘டேய், பாதியில் நிறுத்தியது நீதான்டா’ என்று பதில் வந்தது. அந்த கேமில் ஏ முதல் இசட் வரை 26 முடிவுகள், பெரும்பாலானவை ஜோக், ஆனால் உண்மையான கதை சி முடிவுக்கு அப்புறம்தான் முழுசாகும். இன்னும் இருக்கிறது, தொடர்ந்து விளையாடுங்கள் என்று கேமே செய்தி காட்டும், நான்தான் படிக்காமல் தட்டிவிட்டேன்.

அதற்காக எல்லாவற்றையும் நூறு சதவீதம் முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றில்லை. எங்கே நிறுத்தினீர்கள் என்று சொன்னால் போதும். ஃபைனல் ஃபேண்டஸி 13 பதினோராவது அத்தியாயத்தில்தான் பரந்த வெளியைத் திறந்துவிடும், அதுவரை நடைபாதை மாதிரி ஒரே வழி. பத்து மணி நேரத்தில் விட்டவர் திட்டுவதும் நியாயம், முடித்தவர் பாராட்டுவதும் நியாயம். யார் எதுவரை பார்த்தார் என்று தெரிந்தால் வாசிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

எந்தப் பதிப்பு என்பதையும் விடாதீர்கள். டிராகன் குவெஸ்ட் 11 வந்தது 2017-இல், சிந்தசைசர் இசையோடு. வெளியில் சுற்றும்போதெல்லாம் அதே மெட்டு திரும்பத் திரும்ப ஓடும். 2019-இல் வந்த எஸ் பதிப்பில் ஆர்கெஸ்ட்ரா இசை, சண்டையின் வேகத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றைத் திட்டி எழுதியதை நம்பி இன்னொன்றை வாங்காமல் விட்டால் பாவம் வாசிப்பவர்.

அப்புறம் மொழி. இந்த கேம்களை நாம் ஆங்கில சப்டைட்டிலில்தான் விளையாடுகிறோம், ஆகவே வசனம் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு கடினம் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். டிரெய்ல்ஸ் தொடரெல்லாம் நாவல் கணக்கில் படிக்க வைக்கும், பள்ளிக்கூடத் தம்பிக்கு வாங்கித் தருபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? மொழிபெயர்ப்பின் தரமும் முக்கியம். ஈஸ் 8-இன் ஆங்கிலப் பதிப்பு 2017-இல் வந்தபோது கம்பீரமான பெயர் இருக்க வேண்டிய ஓர் இடத்துக்கு ‘பிக் ஹோல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய ஓட்டை! வெளியீட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டு அடுத்த ஆண்டு திருத்திய மொழிபெயர்ப்பைப் பேட்ச்சில் (வெளியான பிறகு வரும் அப்டேட்டில்) கொடுத்தார்கள். அதனால் எந்தப் பேட்ச்சில் விளையாடினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

‘அனிமே மாதிரி இருக்கு’ என்பது பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. எந்தப் பழக்கப்பட்ட சங்கதியை எடுத்திருக்கிறார்கள், அதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பெர்சோனா 5 எனக்கு ரொம்பப் பிடித்த கேம்தான், ஆனால் மாணவியிடம் அத்துமீறும் ஆசிரியரைத் தண்டிப்பதில் கதையை ஆரம்பித்துவிட்டு, சில மணி நேரத்திலேயே அதே மாணவியைக் கேலிப்பொருளாக்குகிறது. பிடித்த கேம் என்பதற்காக இதை மென்று முழுங்கக் கூடாது. அனிமேயை வைத்தே எடுத்த கேம் என்றால், டிராகன் பால் இசட் ககாரோட் மாதிரி, தொடரைப் பார்க்காதவருக்குப் புரியுமா என்ற கேள்விக்கு முதல் பத்தியிலேயே பதில் சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் சேவ் ஃபைலைத் திறந்து மணிக்கணக்கைப் பார்த்து, ரிவ்யூவின் தலையில் இப்படிப் போடுங்கள்: ‘62 மணி நேரம், பிஎஸ்5, நார்மல், ஜப்பானியக் குரல், கதை முடிந்தது, பக்கக் கதைகள் பாதி.’