செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்கிறதா? பேட்டரி கடைக்கு ஓடும் முன்

விடியற்காலை மூன்று மணி. பிக்கப்பில் நாற்பது பெட்டி தக்காளி ஏற்றியாகிவிட்டது. ஐந்து மணிக்குள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் அசையவே இல்லை.

"பேட்டரி டவுன், வேறென்ன" என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். நானும் அப்படியே நம்பிப் புதுசு வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே சத்தம். சத்தம் என்ன சொல்கிறது என்று கேட்காமல் பணத்தை எடுத்து நீட்டியதுதான் நான் செய்த முதல் தவறு.

அப்புறம் வந்த எலக்ட்ரீஷியன் பேட்டரியைப் பார்க்கவே இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். டிக் டிக் வந்தது, ஆனால் வெளிச்சம் துளிகூட மங்கவில்லை. ஒரு ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை இன்ஜினைத் தூக்குவதற்கென்று இருக்கும் இரும்புக் கொக்கியிலும் கவ்வ விட்டார். "இப்ப அடிங்க" என்றார். ஒரே உறுமலில் ஸ்டார்ட் ஆனது.

கோளாறு சேஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையில் இருந்தது. சேறும் ஆயிலும் மூடிக் கிடந்த போல்ட்டைக் கழற்றினால், அடியில் துருவும் பச்சைப் பொடியும். பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்துவிட்டுப் போனார்.

டீசல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய 16 முதல் 18 மடங்கு அழுத்துகிறது. பெட்ரோல் இன்ஜினில் 10 மடங்கை ஒட்டித்தான் இருக்கும். அந்த அழுத்தத்தை மீறிச் சுற்ற, செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். ப்ளஸ் ஒயரில் போன கரண்ட் முழுக்க இன்ஜின் உடம்பு வழியாக மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். நாம் ப்ளஸ் பக்கத்தை மட்டும் பார்க்கிறோம், திரும்பும் வழியை மறந்துவிடுகிறோம். மீட்டர் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது, அதனால் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டுவதும் தவறுதான். அது சும்மா இருக்கும்போது வரும் கணக்கு. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். டிக் டிக் அடிக்கும்போது விளக்கும் சேர்ந்து அணைவது போல மங்கினாலும் பேட்டரியையோ டெர்மினலையோதான் முதலில் பார்க்க வேண்டும். குமிழில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா, கையால் திருகினால் கிளாம்ப் ஆடுகிறதா என்று பாருங்கள். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள்.

ஒரே ஒரு 'டக்' வந்து நின்றுவிட்டால் கதை வேறு. செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாரைச் சுத்தியலால் தட்டினால் சில சமயம் ஓடும். ஆனால் இன்றைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே நிலைக்காந்தம் இருக்கிறது, ஓங்கி அடித்தால் உடைந்துவிடும்.

இந்தச் சத்தத்துக்கு டீசல் ஃபில்டரை மாற்றுவதிலும், டீசல் லைனில் சிக்கிய ஏர் எடுப்பதிலும், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைக் கழற்றுவதிலும் பயனில்லை. இன்ஜின் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாதபோது பார்க்க வேண்டியவை அவை.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது தண்ணீர். வெள்ளத்தில் ஓட்டிய வண்டி, அல்லது நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டி, மறுநாள் ஒற்றை 'டக்'கோடு நின்றால் தயவுசெய்து இன்னொரு முறை சாவியைத் திருப்பாதீர்கள், தள்ளியும் பார்க்காதீர்கள். காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்ற வைத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும், இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். மெக்கானிக்கிடம் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் கல்லாக நின்றால் இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

சொலினாய்டின் இரண்டு முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கியரில் இருக்கும் வண்டி அப்படியே முன்னால் பாயும், எதிரே குனிந்திருப்பது அவரேதான்.

அவசரத்துக்கு லாரிக்காரரை நிறுத்தி ஜம்ப் கேட்கிறீர்களா? நம் பிக்கப் 12 வோல்ட், பெரிய லாரிகள் 24 வோல்ட். நேரடியாக இணைத்தால் உங்கள் வண்டியின் ஈசிஎம், அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், போய்விடலாம். இன்னொரு பிக்கப்போ காரோ வரும்வரை காத்திருங்கள். முதலில் ப்ளஸ்ஸோடு ப்ளஸ், கடைசியாக மைனஸ் கேபிளை உங்கள் இன்ஜினின் வெறும் இரும்பில் கவ்வ விடுங்கள். அப்படிச் செய்து உடனே ஸ்டார்ட் ஆனால், பேட்டரி கடைக்குப் போகும் முன் அந்த எர்த் பட்டையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.