வைஃபை சிக்னல ஒட்டுக்கேக்க விடாம பண்றது எப்படி (பாஸ்வேர்டுக்கும் கீழ இருக்கிற லேயர்ல)

பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ3 (வைஃபைல போற தகவல பூட்டி அனுப்பற பாதுகாப்பு முறை) எல்லாம் கண்டிப்பா வேணும், அத எடுத்துட்டு இத பண்ணுங்கன்னு சொல்லல. ஆனா அதுக்கும் கீழ ரேடியோ அலைன்னு ஒண்ணு இருக்கு, அது யார் ஆன்டெனாவுல வேணாலும் போய் விழும். ஒட்டுக்கேக்கறவனுக்கு கிடைக்கிற சிக்னல் நமக்கு கிடைக்கிறத விட மோசமா இருந்தா சாவியே (தகவல பூட்டித் திறக்கற ரகசிய எண்) இல்லாம கூட ரகசியமா அனுப்ப முடியும்னு 1975லயே ஆரோன் வைனர்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கணக்குல நிரூபிச்சிட்டார். நாம செய்யப்போற எல்லாமே அந்த வித்தியாசத்த கூட்டறதுதான்.

முதல்ல போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு மாடிப்படி, வாசல், தெருன்னு நடந்து அளந்து எழுதி வைங்க. ரவுட்டர் ஜன்னலோரம் இருந்தா நடு ரூமுக்கு மாத்துங்க, பாதி வேலை இதுலயே முடிஞ்சிரும். அப்புறம் ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிரான்ஸ்மிட் பவர (அனுப்பற சிக்னலோட பலம்) குறைங்க. அது டிபிஎம்ங்கற அலகுல இருக்கும், 20 டிபிஎம்னா 100 மில்லிவாட், அத 14க்கு இறக்கினா 25 மில்லிவாட், திறந்த வெளில சிக்னல் எட்டுற தூரம் பாதியாயிடும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்ல சீக்கிரம் அடிபடும், அதனால முடிஞ்சா 2.4அ ஆஃப் பண்ணிடுங்க.

இங்க ரெண்டு விஷயத்த நிறைய பேர் விட்டுடறாங்க. ரவுட்டர் பவர குறைச்சாலும் உங்க போனும் லேப்டாப்பும் அது பாட்டுக்கு அதோட பவர்லதான் கத்தும், அதனால அதுங்களயும் ஜன்னல்கிட்ட வைக்காதீங்க. ரெண்டாவது, தெருவுல உங்க போன்ல சிக்னல் காட்டலன்னா வேற யாருக்கும் கிடைக்காதுன்னு அர்த்தம் இல்ல, டிஷ் ஆன்டெனா வச்சிருக்கறவனுக்கு கிடைக்கும். அதனாலதான் என்கிரிப்ஷன விடவே கூடாது.

சொந்தமா வைஃபை இருக்கிற சின்ன சர்க்யூட் போர்டு வச்சு புரோகிராம் பண்றவங்க சேனல்ல இருந்தே, அதாவது ரெண்டு போர்டுக்கும் நடுவுல சிக்னல் போற பாதைல இருந்தே, சாவி எடுத்துப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஃப்ரீக்வென்சில மாறி மாறி பாக்கெட் அனுப்பி சிக்னல் ஏற்ற இறக்கத்த அளந்தா ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வரிசை வரும், சுத்தி நிறைய பிரதிபலிப்பு இருக்கிற இடத்துல அரை அலைநீளம், அதாவது 2.4ல சுமார் 6 சென்டிமீட்டர், தள்ளி நிக்கறவனுக்கே வேற வரிசைதான் வரும். அந்த வரிசைய 0, 1 பிட்டா மாத்தி, ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாத பிட்ட திருத்தி, ஹாஷ் (பிட்டுகள கலக்கி சுருக்கற கணக்கு) போட்டு சாவியா யூஸ் பண்ணுங்க. ஆனா ரெண்டு போர்டும் அசையாம, ரூம்லயும் ஆள் நடமாட்டம் இல்லாம இருந்தா சேனல் மாறவே மாறாது, அந்த சாவிய நம்பாதீங்க, ஒரு போர்ட கைல எடுத்துட்டு நடந்துட்டே அளங்க.

ஜாமர் (சிக்னல முடக்கற கருவி) மட்டும் வாங்கிடாதீங்க, இந்தியாவுல தனியாள் அத வச்சிருக்கறதே சட்டப்படி தப்பு.