ஏசாயா 10:5–19: ஒரு மணி நேர வேதபாடம் நடத்துவது எப்படி?

ராஜாக்களின் பெருமை, தேவனுடைய ஆளுகை என்று பாடம் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நேபுகாத்நேச்சார் ராஜா தாழ்த்தப்படும் தானியேல் 4-க்குப் போய்விடுவார்கள். அங்கே கதையே பாதி வேலையைச் செய்துவிடும். ஏசாயா 10:5–19 கொஞ்சம் கடினம்; ஆனால் பதினைந்தே வசனங்களில் பிரச்சினை முழுசாக இருக்கிறது: தம் ஜனத்தைத் தண்டிக்கும் கோலாக அசீரியாவை அனுப்பும் தேவனே, அதன் ராஜாவின் கர்வத்தையும் தண்டிக்கிறார்.

வசனங்களை வரிகளுக்கிடையே நல்ல இடம்விட்டு அச்சிட்டு, ஆளுக்கொரு பிரதியும் இரண்டு நிறப் பென்சில்களும் கொடுங்கள். தேவன் பேசுவது ஒரு நிறம், அசீரிய ராஜா பேசுவது மறு நிறம். ராஜாவின் பேச்சு 8–11, பிறகு 13–14. வசனம் 12-ல் பலர் தடுமாறுவார்கள்: ஆண்டவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் ஆண்டவரே ‘நான்’ என்று பேசுகிறார். பிரித்தே நிறமிடச் சொல்லுங்கள்.

அடுத்து 13–14-ல் வரும் ‘நான்’, ‘என்’ எல்லாவற்றையும் அடிக்கோடிடுங்கள். என் கைபலம், என் ஞானம். எல்லைகளை மாற்றினேன், கருவூலங்களைக் கொள்ளையிட்டேன். ஆளில்லாத கூட்டில் முட்டை பொறுக்குவதுபோல் தேசங்களை வாரிக்கொண்டேன், ஒரு சிறகும் அசையவில்லை, ஒரு வாயும் கீச்சிடவில்லை என்கிறான். இதைச் சத்தமாக, நிதானமாக வாசியுங்கள். கர்வத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வசனம் 9-க்கு வரைபடம் அவசியம். கல்னோ–கர்கேமிஸ், ஆமாத்–அர்பாத், சமாரியா–தமஸ்கு: பட்டியல் ஜோடி ஜோடியாகத் தெற்கே இறங்குகிறது. அடுத்து எருசலேம். தமஸ்கு கி.மு. 732-லும், கர்கேமிஸ் 717-லும் விழுந்தன. ஆகவே இந்தப் பேச்சின் பின்னணி 717-க்குப் பிந்தியது. ராஜாவின் பெயரைப் பகுதி சொல்லவில்லை, நீங்களும் பிற்பாடு எருசலேமை முற்றுகையிட்ட அசீரிய ராஜா ‘சனகெரிப்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் தொனிக்கு, சனகெரிப் தன் வெற்றிகளைப் பொறித்துவைத்த களிமண் பட்டகத்தைக் காட்டலாம். கி.மு. 701 படையெடுப்பில் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அதில் பெருமையடிக்கிறான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் சொல்லவில்லை.

இருபது நிமிடத்தை வசனம் 6, 7-க்கு ஒதுக்குங்கள். பாடத்தின் கணு இதுதான். கேள்வி ஒன்றே: அனுப்பியது தேவன் என்றால், அனுப்பப்பட்டவனுக்கு ஏன் தண்டனை? இரண்டு அவசர பதில்கள் வரும். ‘அவன் வெறும் பொம்மை’ என்பவரை 7, 12-க்குத் திருப்புங்கள். அவன் மனதில் வேறு எண்ணம், அழிப்பதே அவன் நோக்கம், விசாரிக்கப்படுவதும் அந்த நெஞ்சுதான். ‘தேவன் சும்மா விட்டுக்கொடுத்தார்’ என்பவரை 5, 6-க்குத் திருப்புங்கள். அங்கே அனுப்புவதும் கட்டளை கொடுப்பதும் தேவனே. இரண்டையும் எப்படி இணைப்பது என்று ஏசாயா விளக்கவில்லை. நீங்களும் தத்துவம் பேசி முடிச்சை அவிழ்க்கப் பார்க்க வேண்டாம். வெட்டுகிறவனுக்கு மேலாகக் கோடரி பெருமையடிக்கலாமா என்று கேட்கும் வசனம் 15-ன் உவமை மறுப்பது அவனுடைய பெருமையைத்தான், பொறுப்பை அல்ல; அதை எடுத்துச் சொன்னால் போதும்.

16–19-ஐ வேகமாகக் கடக்கலாம். அசீரிய ராஜாவின் காட்டில் மிஞ்சும் மரங்களை ஒரு சிறுவன் எண்ணி எழுதிவிடலாம் என்ற வரியில் மட்டும் நில்லுங்கள்.

பாடம் கெடுவது பெரும்பாலும் பிரயோகத்தில். ‘இன்றைய அசீரியா யார்?’ என்று யாராவது கேட்டால் அரட்டை அரசியலுக்குப் போய்விடும். தடுக்க எளிய வழி, தொடக்கத்திலேயே 9:8–10 வாசிப்பது. செங்கல் இடிந்தால் பொளிந்த கல்லால் கட்டுவோம் என்று மார்தட்டுவது எப்பிராயீம், அதாவது தேவனுடைய சொந்த ஜனம். கோல் ஓங்கப்படுவது அவர்கள்மேல்தான்.

வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளியைப் பற்றிய 14:12-ஐ எடுத்து யாராவது சாத்தானிடம் போனால், 14:4-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்; அந்த ஏளனப் பாட்டு பாபிலோன் ராஜாவின்மேல். அது தனிப் பாடம்.

வீட்டுவேலைக்கு 37:24–29. இங்கே பேசுவது சனகெரிப் என்று 37:21-லேயே பெயர் இருக்கிறது. லீபனோன் உச்சிக்கு ஏறி கேதுருக்களை வெட்டினேன் என்கிறான், 26-ல் தேவன் பதில் சொல்கிறார். அதே இரண்டு நிறங்களில் குறித்து வரச் சொல்லுங்கள்.