பெரோடுவா மைவி, புரோட்டான் சத்ரியா போன்ற கார்களுக்கு லைட் ஃப்ளைவீல்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஓப்பன் பாட் ஃபில்டர் (மூடியில்லாத காற்று வடிகட்டி) போட்டாயிற்று, எக்ஸ்ட்ராக்டர் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) மாற்றியாயிற்று. இப்போது கிளச் தேய்ந்துவிட்டதால் கியர்பாக்ஸை இறக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில்தான் வொர்க்‌ஷாப்பில், "தம்பி, அப்படியே லைட் ஃப்ளைவீலும் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். ஃப்ளைவீல் என்பது எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் நடுவே சுழலும் கனமான சக்கரம்; எடை குறைத்துச் செய்ததுதான் லைட் ஃப்ளைவீல். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான் என்பதால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைப் போடுவது என்பதை கியர்பாக்ஸ் இறங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கார் லிஃப்டில் தொங்கும்போது யோசித்தால், கடையில் அன்று கையிருப்பில் இருப்பதுதான் உங்கள் காருக்குள் போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் தினமும் வேலைக்கு எடுத்துப் போகும் காருக்கு, அசல் எடையில் 20 முதல் 30 சதவீதம் குறைந்த குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு ஃப்ளைவீல் போதும். ஏன் என்று பார்ப்போம்.

1. எதை எதிர்பார்க்கலாம்?

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) அரைச்சுற்று சுற்றும்போது ஒரு முறை வெடிப்பு நடக்கிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சுழற்சி தொய்ந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது ஃப்ளைவீலின் எடை. அதைக் குறைத்தால் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) சட்டென ஏறும், சட்டென இறங்கும். குதிரைசக்தி அதிகமாகாது. எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளச் செலவழிக்கும் சக்திதான் மிச்சமாகிறது.

எவ்வளவு மிச்சம்? ஒரு கணக்குப் போடுவோம். 8 கிலோ ஃப்ளைவீலை எடுத்துவிட்டு 5 கிலோ போடுகிறோம். எடை சராசரியாக மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முதல் கியர் 3.5, மூன்றாவது 1.3, ஐந்தாவது 0.85, ஃபைனல் டிரைவ் 4.1, டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் காரின் எடை சுமார் 70 கிலோ குறைந்ததற்குச் சமம், அதாவது கூட வந்த ஒரு ஆளை இறக்கிவிட்டது மாதிரி. மூன்றாவது கியரில் அது 10 கிலோ. ஐந்தாவதில் வெறும் 4 கிலோ. கியர் விகிதத்தின் வர்க்கத்தோடு பலன் மாறுவதால் இப்படி. நெடுஞ்சாலையில் 110-ல் போகும்போது வித்தியாசம் தேடினால் கிடைக்காது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் வளைவுப் பாதையில், இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது நன்றாகத் தெரியும்.

2. உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்

மாலையில் பாலத்தை நோக்கி ஊர்ந்து போகும் ஜாமில் எத்தனை நேரம் இருக்கிறீர்கள்? ஷாப்பிங் மாலின் அடுக்குமாடி கார்பார்க்கில், சரிவில் வரிசையாக நின்று நின்று ஏறுகிறீர்களா? ஃப்ளைவீல் மிக லேசாக இருந்தால் கிளச்சை விடும்போது எஞ்சின் அணையப் பார்க்கும். அதைத் தவிர்க்க கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுப்பீர்கள், கிளச் சூடாகித் தேயும்.

ஏர்கோன் இன்னொரு விஷயம். நம் வெயிலில் அதை அணைத்துவிட்டு ஓட்ட முடியாது. கம்ப்ரஸர் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ஐடிலில் இருக்கும் எஞ்சின் மேல் பாரம் விழும். கனமான ஃப்ளைவீல் அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ளும், லேசானதில் ஆர்பிஎம் தடுமாறும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய பரிந்துரையை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

3. எந்த உலோகம்?

அசல் ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதையே லேத்தில் கொடுத்துக் கடைந்து மெலிதாக்கித் தருவார்கள், செலவும் குறைவு. தயவுசெய்து செய்யாதீர்கள். வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. சுழலும்போது அதைப் பிய்க்கப் பார்க்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு கூடும்: 3,500-ல் இருப்பதைப் போல நான்கு மடங்கு 7,000-ல் இருக்கும். மெலிந்த ஃப்ளைவீல் உடைந்தால் துண்டுகள் பெல் ஹவுசிங்கை (ஃப்ளைவீலையும் கிளச்சையும் மூடியிருக்கும் உறையை) கிழித்துக்கொண்டு வெளியே வரும். உங்கள் கால்கள் இருப்பது பக்கத்தில்தான். கிளச் உராயும் முகத்தைச் சமப்படுத்த லேசாகச் சீவுவது வேறு, அது வழக்கமான வேலை.

அலுமினியம் மிக லேசு. அதில் கிளச் உராயும் இடத்தில் மாற்றக்கூடிய எஃகுத் தகடு இருக்க வேண்டும். டிராக் நாளுக்கு அருமையான சாமான், ஜாமில் அவஸ்தை. குரோமோலி எஃகு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, வலுவும் அதிகம். எஸ்எஃப்ஐ 1.1 (பந்தயக் கார் ஃப்ளைவீல், கிளச்சுக்கான பாதுகாப்புத் தரம்) சான்று உள்ளதாகக் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

4. எடை எங்கே குறைந்திருக்கிறது?

பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை மட்டும் நம்பாதீர்கள். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டரில் இருக்கும் ஒரு கிலோ, 6 சென்டிமீட்டரில் இருப்பதைவிட நான்கு மடங்கு சுழற்சியை எதிர்க்கும். விளிம்பில் குறைத்த ஃப்ளைவீல்தான் உண்மையில் லேசானது. நடுவில் மட்டும் ஓட்டை போட்டதைத் தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும், ஓட்டினால் பெரிதாக மாற்றம் தெரியாது.

5. பொருந்துமா?

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். உங்கள் எஞ்சின் குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள், கார் பெயரை மட்டும் சொன்னால் போதாது. பல சத்ரியாக்களில் எஞ்சின் எப்போதோ மாறியிருக்கும். கிராங்க் போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், ரிங் கியரின் (ஸ்டார்ட்டர் மோட்டார் பிடிக்கும் பல் வளையத்தின்) பற்கள், கிளச்சின் விட்டம், டவல் பின்கள் (கிளச் கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஊசிகள்) இருக்கும் இடம், எல்லாவற்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் ஃப்ளைவீலில் உள்ள பற்களையே படிக்கும். அது இல்லாததைப் போட்டால் கார் ஸ்டார்ட்டே ஆகாது.

ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் சாமான் விற்கும் கடையில்) பழையது வாங்கினால் முகத்தில் நீலக் கறை, மயிரிழை விரிசல், தேய்ந்த பற்கள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் ஒன்று இருந்தாலும் வேண்டாம். கிளச் தட்டு ஸ்பிரிங் உள்ளதாக இருக்கட்டும். ஸ்பிரிங் இல்லாததோடு லைட் ஃப்ளைவீல் சேர்ந்தால் கியர்பாக்ஸ் ஐடிலில் கடகடவென்று அடிக்கும். அப்புறம், ஃப்ளைவீலோடு கிராங்க் புல்லியையும் லேசாக்கலாம் என்பார்கள். ரப்பர் டாம்பர் (அதிர்வு தணிப்பான்) உள்ள புல்லியைத் தொட வேண்டாம். கிராங்க்கின் முறுக்கு அதிர்வை அடக்குவது அதுதான்.

6. மாட்டும்போது

கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், ரிலீஸ் பேரிங் (மிதியை அழுத்தும்போது கிளச்சை விடுவிக்கும் பேரிங்), போல்ட்டுகள் மூன்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்க வேண்டும். இம்பேக்ட் கன் வேண்டாம். புது ஃப்ளைவீலின் மேல் பூசியிருக்கும் துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகுதான் கிளச் ஏற வேண்டும். முடிந்தால் கிளச் கவரோடு சேர்த்து பேலன்ஸ் பார்த்துவிடுங்கள்.

7. முதல் சில வாரம்

எஞ்சின் சூடான பின் ஐடிலைக் கவனியுங்கள்: முதலில் எல்லாம் அணைத்து, பிறகு ஏர்கோனும் ஹெட்லைட்டும் போட்டு. தடுமாறினால் ஐடிலை 50 முதல் 100 ஆர்பிஎம் உயர்த்தச் சொல்லுங்கள். கிளச் மிதியை விட்டால் மெல்லிய கடகட சத்தம், மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் பயப்பட வேண்டாம், கியர் பற்களின் சத்தம்தான். மிதித்தால் மட்டும் வருகிற சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்பிஎம் வேகமாக இறங்குவதால் பழைய நிதானத்தில் கியர் மாற்றினால் கார் குலுங்கும், கையும் காலும் சற்று வேகமாகப் பழக வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் வரை சிக்னலில் பாய்ந்து கிளம்புவதைத் தவிர்த்துவிடுங்கள், கிளச்சின் முகம் படியட்டும்.