பிசினஸ் பேப்பரில் பஞ்சு விலை பார்ப்பது எப்படி?

திருப்பூரில் பத்து மெஷின் வைத்து பனியன் தைக்கிறேன். பிசினஸ் பேப்பர் என்றால் ஷேர் வாங்குகிறவர்களுக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மாதம் முதல் தேதி மில்காரர்கள் நூல் விலையை ஏற்றினால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். பக்கத்துக் கம்பெனி அண்ணனோ முந்தின வாரமே நூல் வாங்கிப் போட்டிருப்பார். ஜோசியமாண்ணே என்று கேட்டால், டேபிளில் கிடந்த பேப்பரைத் தட்டிக் காட்டினார்.

முதலில் எந்தப் பேப்பர்? என் ஓட்டு பிசினஸ்லைனுக்கு. 1994இல் சென்னையில் ஆரம்பித்தது. பருத்தி, மிளகு, ரப்பர், தேயிலை என்று சரக்குச் செய்திகள் அதில் நிறைய வரும். பெரிய கம்பெனி, ஷேர் மார்க்கெட் சங்கதி வேண்டுமென்றால் எகனாமிக் டைம்ஸ். நம்ம தொழிலுக்கு அது இரண்டாம்பட்சம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எக்செல் எல்லாம் வேண்டாம், இரண்டே நாளில் விட்டுவிடுவீர்கள்.

அடுத்து, முதல் பக்கத்தைத் தாண்டி நேராக சரக்குச் சந்தைப் பக்கத்துக்குப் போங்கள். பருத்திச் செய்தி இருந்தால் விலையையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். ‘காட்டன் குவிண்டால் 7,500’ என்று பார்த்துவிட்டு, கிலோ 75 ரூபாய்தானே, மில்காரர் நம்மைக் கொள்ளையடிக்கிறார் என்று ஃபோனிலேயே சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துவிட்டு, “தம்பி, அது கொட்டையோட இருக்கற பருத்தி. நான் வாங்கறது பஞ்சு” என்றார். இங்கிலீஷில் இரண்டுமே காட்டன்தான். ‘கபாஸ்’, குவிண்டால் என்று இருந்தால் அது விவசாயி விற்கும் பருத்தி; கொட்டை நீக்கினால் மூன்றில் ஒரு பங்கு சுமாருக்குத்தான் பஞ்சு தேறும். ‘லின்ட்’ அல்லது ‘கேண்டி’ என்று இருந்தால் பஞ்சு. ஒரு கேண்டி 356 கிலோ. பெரியவர்கள் கண்டி என்பார்கள். கேண்டி 53,400 ரூபாய் என்றால் கிலோ 150. நோட்டில் பஞ்சு விலையை மட்டும் எழுதுங்கள்.

பிறகு நியூயார்க் சந்தையின் பஞ்சு விலை. அது ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று இருக்கும். ஒரு கேண்டிக்கு 784 பவுண்டு. 70 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 548.80 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 46,648 ரூபாய். உள்ளூர் பஞ்சு இதைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும், நூல் எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவு பிடிபடும். மில்லில் கையிருப்பு, ஆர்டர் நிலவரம் என்று வேறு கணக்கும் உண்டு, ஆகவே இதை மட்டும் நம்பி மொத்தப் பணத்தையும் நூலில் முடக்கிவிடாதீர்கள். நான் பார்ட்டிக்கு கோட்டேஷன் கொடுக்குமுன் நோட்டைப் புரட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

பின்சேர்க்கை: “நியூயார்க்கில் அவ்வளவு மலிவென்றால் மில்கள் ஏன் இறக்குமதி செய்வதில்லை?” என்று ஒருவர் கேட்டிருந்தார். வரியை நான் எழுத மறந்துவிட்டேன். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீதம் போட்டார்கள். மேலே சொன்ன 46,648 அதிலேயே 51,779 ஆகிவிடும், கப்பல் வாடகை தனி. 2022இலும் 2025இலும் சில மாதங்கள் வரியை நீக்கினார்கள். இந்த மாதிரி அறிவிப்பு முதல் பக்கத்தில் வராமல் உள்ளே சின்னதாகவும் வரலாம், தலைப்புகளை ஒரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள்.

இன்னொன்று: நியூயார்க் பட்டியலில் மார்ச், மே, ஜூலை என்று பல மாதம் இருக்கும்; அந்தந்த மாதம் சரக்கைக் கொடுப்பதற்கு இப்போதே பேசும் விலை அது. ஒரு நாள் மார்ச், மறுநாள் ஜூலை என்று மாற்றி எழுதிவிட்டு “விலை எகிறிடுச்சு” என்று ஒரு நண்பர் பதறிப்போய்க் கூப்பிட்டார். முதல் வரியில் உள்ள மாதத்தையே தினமும் எழுதுங்கள். அந்த மாதம் பட்டியலிலிருந்து போய் அடுத்தது முதல் வரிக்கு வரும் நாளில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள்.